பொன்மலைச் சங்கும் எங்கள் வீட்டுக் கேசரியும்

எங்கள் வீட்டில் கேசரி கிண்டப் பண்டிகை வரவேண்டிய அவசியமில்லை. தங்கை சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டால் கேசரி. செருப்பைக் கால் மாற்றாமல் மாட்டினால் கேசரி. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசை முழுக்கக் கிண்ணம் போகும். முதல் ரேங்க் வாங்கிவரும் எனக்கோ, "சரி, கைகால் கழுவிட்டு வா" என்பதோடு சரி. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

தங்கைக்கு அப்போது எட்டு வயது. எழுத்தும் எண்ணும் அவளுக்கு மனதில் நிற்காது. கற்றல் குறைபாடு என்று புத்தூர் டாக்டர் சொல்லியிருந்தார். ஸ்ரீரங்கத்து அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, வரும்போதெல்லாம் ஒரே பாட்டுத்தான்: "இவள ஸ்கூலுக்கு அனுப்பி என்ன ஆகப்போவுது? நிறுத்திட்டு வீட்டு வேலையப் பழக்குங்க." அக்கா பேச்சுக்கு அப்பா மறுபேச்சுப் பேசியதில்லை. எங்கே நிறுத்திவிடுவாரோ என்று அம்மா பயந்துகொண்டே இருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் தங்கை மணி பார்க்கக் கற்றுக்கொண்டாள். "மணி என்னடி?" என்றால் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்துச் சரியாகச் சொன்னாள். அன்று நெய் ஒழுக ஒழுகக் கேசரி. "அண்ணி வரட்டும், காட்டறேன்" என்று அத்தையைச் சொன்னாள் அம்மா.

ஆனால் ஒருநாள் கடிகாரத்தில் பேட்டரி தீர்ந்து, முள் இரண்டேகாலில் நின்றிருந்தது. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பதினொன்றரை மணிக்கு ஊதும் மத்தியானச் சங்கு ஊதியது. அடுப்படியிலிருந்து அம்மா மணி கேட்டாள். தங்கை நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்தே, "பதினொன்றரை" என்றாள். அடிக் கள்ளி! சங்கை வைத்தல்லவா சொல்லிக்கொண்டிருக்கிறாள்! எங்கள் ஊரில் சங்கு ஊதினால்தான் யாருக்குமே மணி ஞாபகம் வரும். அம்மாவும் அப்போதுதான் கேட்பாள். நான் வாயைத் திறக்கவில்லை. சமயம் வரட்டும் என்று இருந்தேன்.

அத்தை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒர்க்‌ஷாப்புக்கு லீவு, சங்கு கிடையாது. அம்மாவுக்குத்தான் சங்கு ரகசியமே தெரியாதே. அத்தை காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, தேனாகக் குழைந்து, "பாப்பா, மணி என்ன சொல்லு" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்தாள். வெளியே காக்காய்தான் கத்தியது.

"நான் அப்பவே சொல்லல?" என்றாள் அத்தை.

நான் சங்கு விஷயத்தைப் போட்டு உடைத்தேன். அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று.

அப்பா மட்டும் தங்கையைப் பக்கத்தில் இழுத்து, "காலைல மொதச் சங்கு எத்தனை மணிக்கு?" என்றார். டக்கென்று சொன்னாள். அடுத்தது, அதற்கடுத்தது, சாயங்காலச் சங்குவரை ஒன்றுகூடத் தப்பவில்லை.

"இதெல்லாம் யாருடா உனக்குச் சொல்லிக்கொடுத்தா?"

உதட்டைப் பிதுக்கினாள்.

அப்பா அத்தையிடம் திரும்பினார். "யாரும் சொல்லித்தராமயே இவ்வளவையும் புடிச்சு வச்சிருக்கா, அக்கா. கடிகாரத்த மெதுவாப் பழகிக்கட்டும். ஸ்கூலுக்குப் போவட்டும்."

அக்கா பேச்சை அவர் தட்டியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ரவையை வறுக்கப் போனாள். தோற்ற ஆட்டத்துக்கும் கேசரியா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன் என்பதை மறைப்பானேன்.

தங்கை நீட்டிய கிண்ணத்தை வாசலில் நின்று வாங்கிக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா, "இன்னிக்கு என்னடி விசேஷம்?" என்று கேட்டாள்.

"எங்கண்ணன் எங்கிட்ட மணி கேட்டான்!" என்றாள் தங்கை.

பதில் தெரியாமல் முழித்துவிட்டு இதில் பெருமை வேறா என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பின்னால் நின்ற அம்மா ஏன் சிரிக்கவில்லை, ஏன் என்னையே அப்படிப் பார்த்தாள் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. அதற்குமுன் ஒருநாள்கூட நான் என் தங்கையிடம் எதையும் கேட்டதே இல்லை.