கறுப்பு மையில் போன வரிகள்

சிறை அலுவலகத்தில் அவருக்குப் பேர் இருந்தது, பதவி இருந்தது. ஆனால் உள்ளே இருந்த கைதிகளுக்கு அவர் லெட்டரம்மா. பிறகு வார்டர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். கடைசியில் வீட்டுக்காரரே கேலியாக, "என்ன லெட்டரம்மா, காபி கிடைக்குமா?" என்று கேட்கும் அளவுக்கு அந்தப் பேர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

வேலை இதுதான்: கைதிகள் எழுதும் கடிதங்களையும் அவர்களுக்கு வரும் கடிதங்களையும் படிக்க வேண்டும். நிர்வாகத்தைப் பற்றிக் குறை இருந்தால் அந்த வரியைக் கறுப்பு மையால் அடித்துவிட வேண்டும். ஜன்னலோரம் ஒரு மேஜை, அரக்கு முத்திரை, மைப்புட்டி, காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை ஊரான் வீட்டுக் கதை. இன்றைக்கும் அந்த மேஜையை நினைத்தால் அவருக்குக் கண் கலங்கும். முகம் தெரியாத குடும்பங்கள் எத்தனையோ அவருக்கு அத்துப்படி. யார் மகள் கணக்கில் கோட்டை விட்டாள், யார் வீட்டுச் சுவர் ஒழுகுகிறது, எந்த மாமியாரும் மருமகளும் பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள், எல்லாம். ஒரு கைதிக்குக் குழந்தை பிறந்த சேதி வந்த அன்று, அப்பனுக்கு முன்பே அதைப் படித்துவிட்டு மேஜையில் தனியாகவே சிரித்துக்கொண்டார்.

ஒரு தையல்காரர் இருந்தார். மாதம் தவறாமல் தங்கைக்கு எழுதுவார். ஒவ்வொரு கடிதத்திலும் ஓரிரண்டு வரி அடிக்க வேண்டியிருக்கும். லெட்டரம்மா பழக்கத்தில் அடித்துவிட்டு அடுத்ததை எடுப்பார். கை வேலை செய்யும், மனசு எங்கோ இருக்கும்.

ஒரு நாள் தங்கையின் பதில் வந்தது. "அண்ணே, உன் கடுதாசியில எப்பவும் ஒரு இடம் கறுப்பாவே வருது. வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன், ஒண்ணும் தெரியல. அப்படி என்னதான் எழுதுற?"

லெட்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. தையல்காரர் அந்த மாதம் எழுதிய கடிதம் இன்னும் மேஜையில்தான் இருந்தது, மை படாமல். எடுத்துப் படித்தார். இந்த முறை நிஜமாகவே படித்தார். "ஆறு வருசமா என்னை யாரும் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போகல. அடுத்த வாய்தா எப்பன்னு கேட்டுச் சொல்லு."

பதிவேட்டைப் புரட்டினார். திருட்டுத் தையல் மிஷினை வாங்கியதாக வழக்கு. குற்றம் ருசுவானாலே அதிகபட்சம் மூன்று வருஷம். மனுஷன் ஆறு வருஷம் நான்கு மாதமாக விசாரணைக் கைதி. கோர்ட்டு புதுக் கட்டடத்துக்கு மாறியபோது அவருடைய வழக்குக் கட்டு எங்கோ தொலைந்திருந்தது.

கண்காணிப்பாளரிடம் கொண்டு போனார். அவர் பதிவேட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "பூட்டுறதுதாம்மா நம்ம வேலை. திறக்கிறது கோர்ட்டு வேலை. நீங்க உங்க மைப்புட்டியப் பாருங்க."

அன்று இரவு வீட்டில் எல்லாவற்றையும் சொன்னார். பஸ் ஓட்டுகிற வீட்டுக்காரர் விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "என் ரூட்டுல டயர் கடை மாடியில ஒரு வக்கீலம்மா இருக்காங்க. ஏழைங்க கேஸ்தான் பாப்பாங்க. நாளைக்கு நம்ம பஸ்லயே வா, இறக்கி விடறேன்."

வக்கீலம்மாவுக்கு அப்போது முப்பது வயதுகூட இருக்காது. ரப்பர் வாடை அடிக்கும் அறை, ஒரு கால் ஆடும் நாற்காலி. எல்லாவற்றையும் கேட்டு முடித்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அக்கா, இவர் ஒருத்தர்தானா, இல்ல இன்னும் இருக்காங்களா?"

அந்தக் கேள்விதான் லெட்டரம்மாவின் பகல் சாப்பாட்டைப் பறித்தது. ஒரு மாதம், மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில், பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்து எழுதினார். தண்டனைக் காலத்தைவிட அதிகமாக விசாரணைக் கைதியாகவே கிடந்தவர்கள் முப்பத்தேழு பேர்.

"உங்க பேரு வராம பாத்துக்கறேன், அக்கா," என்றார், அந்தப் பட்டியலோடு ஹைகோர்ட்டுக்கு மனு தயாரித்த வக்கீலம்மா.

"பேரு இல்லாத காகிதத்த யாரு நம்புவா? போடுங்க," என்று கையெழுத்துப் போட்டார் லெட்டரம்மா.

மறுவாரமே வேலையிலிருந்து இடைநீக்கம். உறவுக்காரர்கள், "இவளுக்கு எதுக்கு ஊர் வம்பு?" என்று வாய்விட்டே கேட்டார்கள்.

விசாரணையன்று நீதிபதி தையல்காரரின் கடிதங்களைக் கையில் வைத்திருந்தார். தங்கை பத்திரமாக வைத்திருந்த கட்டு அது. "இந்த வரிகளை அடிச்சது யாரு?"

வக்கீலம்மா வாயைத் திறப்பதற்குள் லெட்டரம்மா எழுந்துவிட்டார். "நான்தாங்க ஐயா. எழுபது கடிதத்துக்கு மேல அடிச்சேன். ஒண்ணைக்கூட யோசிச்சு அடிக்கல."

நீதிபதி அதற்குப் பிறகு அவரை எதுவும் கேட்கவில்லை.

முப்பத்தாறு பேர் வெளியே வந்தார்கள். ஒருவர் உத்தரவுக்கு ஒன்பது நாள் முன்பு சிறை ஆஸ்பத்திரியிலேயே போய்ச் சேர்ந்திருந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாச் சிறைகளும் இப்படிப்பட்டவர்களின் பட்டியலைக் கோர்ட்டில் தர வேண்டும் என்று ஆணை வந்தது. பதினோரு மாதம் கழித்து லெட்டரம்மாவுக்கும் வேலை திரும்பக் கிடைத்தது, சாமான் கிடங்கில். மறுபடி ஒரு கடிதத்தைக்கூட அவர் கண்ணில் காட்டவில்லை.

தையல்காரர் ஒரே ஒருமுறை வீட்டுக்கு வந்தார். கொடுத்த தண்ணீரைக் குடித்தார். "அந்த வரிய அடிச்சது நீங்கதானாமே?"

"ஆமாய்யா."

டம்ளரைக் கீழே வைத்தார். "தங்கச்சிகிட்ட நேர்லயே சொல்லிட்டேன், என்ன எழுதியிருந்தேன்னு," என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கோபமாகவும் போகவில்லை.

முப்பத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. சென்ற மாதம் மனித உரிமைக்காக உழைத்தவர்களுக்குப் பாராட்டு விழா. வக்கீலம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள். "அக்கா வந்தாதான் நான் மேடை ஏறுவேன்," என்று அவர் பிடிவாதம் பிடிக்க, வெள்ளைத் தலையோடு இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். முன் வரிசையில் வீட்டுக்காரர், பஸ் கிளம்பக் காத்திருப்பவர்போல நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"துணிச்சலின் இலக்கணம்" என்றெல்லாம் பேசினார்கள். லெட்டரம்மாவிடம் மைக்கைக் கொடுத்தபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஒரு தங்கச்சி கேட்டதால ஒரு வரியப் படிச்சேன். அதுக்கு முன்னாடி பதினாலு வருசம் நான் அடிச்ச மத்த வரியில என்ன இருந்துச்சோ, எனக்குத் தெரியாது."

விழா முடிந்து வாசலில் காருக்காக நின்றார்கள். வக்கீலம்மாவுக்கு மூட்டுவலி. லெட்டரம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, அந்த டயர் கடை மாடி ஞாபகம் இருக்கா?"

"இல்லாமலா? அந்த ஒரு மாசம் பகல்ல பட்டினிதான். ஆனா அப்ப மாதிரி வயிறு நிறைஞ்சு நான் வீட்டுக்குப் போனதே இல்ல."

இருவரும் சிரித்தார்கள். வீட்டுக்காரர் சாலைக்கு இறங்கி, வராத காரைத் திட்டிக்கொண்டிருந்தார்.