இன்னும் ஒரே ஒரு பாயிண்ட்

ஆட்டம் தொடங்க ஏழு நிமிடம் இருக்கிறது. அவள் இரும்பு ஸ்கேலை மேசைமேல் வைத்து, மவுஸ் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று அளந்துகொண்டிருக்கிறாள். திரையில் நிற்கும் சிப்பாய் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி அதே சுவரைப் பார்த்து நிற்க, மவுஸ் முப்பத்தொரு சென்டிமீட்டர் போகவேண்டும். போன வாரம்வரை முப்பத்திரண்டு. "முப்பத்திரண்டுல கை இழுக்குதுங்க" என்கிறாள், யாரும் கேட்காமலே. பக்கத்து மேசையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு காத்திருக்கும் கணவருக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"ஏழு நிமிஷம்தான் இருக்கு."

"தெரியும். ஒரே ஒரு பாயிண்ட்தான்."

இந்த ஒரே ஒரு பாயிண்டே அவளுக்குப் பெயராகிவிட்டது. அணியில் நான்கு பேர். அவள், கணவர், ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்யும் அவளுடைய தம்பி, பிறகு ஒரு லிஃப்ட் மெக்கானிக். மெக்கானிக்கின் குரலை இரண்டு வருடமாகக் கேட்கிறார்கள், முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. அவன்தான் முதலில் "பாயிண்ட் அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தான். இப்போது கூடப்பிறந்த தம்பியும் அப்படித்தான் கூப்பிடுகிறான். கணவர் பேக்கரியில் அடுப்பைப் பார்த்துக்கொள்பவர். விடியுமுன் போய் மத்தியானம் திரும்புவார். அவர் எல்லோருக்கும் மாஸ்டர். சனிக்கிழமை நாலு மணி ஆனால் இந்த நால்வரும் அவரவர் வீட்டிலிருந்தபடியே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு, தங்களைப் போலவே வேலைவெட்டி உள்ளவர்களின் லீக் ஒன்றில் இன்னொரு நால்வரோடு மோதுவார்கள்.

அவளுக்கு வேலை கண்ணாடிக் கடையில். வருகிறவர் மூக்கில் கனமான ஃபிரேமை மாட்டி, வட்ட வட்டக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று நாள் முழுக்கக் கேட்கிறாள். வீட்டுக்கு வந்ததும் அதே கேள்வியைத் தன்னிடமே கேட்கத் தொடங்கிவிடுகிறாள். கடையிலாவது வந்தவர் ஒரு கட்டத்தில் "போதும்மா, இதுவே நல்லாருக்கு" என்று எழுந்து போய்விடுவார். வீட்டில் அப்படி எழுந்து போக ஆள் இல்லை.

ஆட்டத்துக்குள் செட்டிங்ஸ் என்று ஒரு பக்கம் இருக்கத்தான் செய்கிறது. சாதாரண மனிதர்கள் அங்கே போய் அளவுக்கோடுகளை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அவளுக்கு அது போதாது. "அது வெறும் வாசல்ங்க. வீடு உள்ள இருக்கு" என்பாள். உள்ளே இருப்பது கான்ஃபிக் ஃபைல். நானூற்றுப் பன்னிரண்டு வரி. எந்தக் கீயை அமுக்கினால் என்ன நடக்கும், திரை நடுவே குறிபார்க்க நிற்கும் குறிப்புள்ளி என்ன நிறம், எத்தனை தடிமன், காலடிச் சத்தம் எவ்வளவு தூரத்திலிருந்து கேட்கும் என்று ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு சங்கதி. ஒரு வரியை மாற்றுமுன் முழு ஃபைலையும் ஒரு நகல் எடுத்து வைப்பாள். அப்படி இருநூற்றுச் சொச்சம் நகல்கள் சேர்ந்துவிட்டன. ஒன்றின் பெயர் 'கடைசி'. இன்னொன்று 'நிஜக் கடைசி'. 'இதுதான்' என்று ஒன்று, அதற்கு மறுநாள் தேதியில் 'இதுவும் இல்ல' என்று ஒன்று.

மாஸ்டர் நொந்துபோவதில் நியாயம் இருக்கிறது. குறிப்புள்ளியைப் பச்சையிலிருந்து ரோஸுக்கு மாற்றிவிட்டு, "பாருங்க, வெண்ணெய் மாதிரி போகுது" என்று அவரை எழுப்பிக் காட்டுகிறவளோடு வேறு எப்படிக் குடித்தனம் நடத்துவது? "வெண்ணெயப் பத்தி எனக்குச் சொல்லாத. தினம் அதுலதான் முழுகி எந்திரிக்கிறேன்" என்று புரண்டு படுப்பார். அவரைப் பொறுத்தவரை அடுப்புக்குச் சூடு ஒருமுறை பிடிபட்டுவிட்டால் பிறகு திருகைத் தொடக்கூடாது. தொட்டால் ரொட்டி போயிற்று.

ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொன்னால் அவர் கோபம் புரியும்.

அன்று தோற்றால், லீக்கில் நீடிக்க அடுத்த வாரம் கட்டாயம் ஜெயித்தே ஆகவேண்டும் என்ற நிலைமை. சுற்றுக் கணக்கு பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று வந்து நின்றது. கடைசிச் சுற்றில் தம்பி செத்தான், மெக்கானிக் செத்தான், அவளும் செத்தாள். மாஸ்டர் மட்டும் ஒரு குறுகலான நடைபாதையின் மூலையில் பதுங்கியிருந்தார். எதிரில் இரண்டு பேர். புகைக்குண்டை வீசிவிட்டு அந்த மறைவில் நழுவிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். அதுவரை அவருக்குப் புகை போடும் தேவை வரவில்லை. வழக்கம்போல் கீபோர்டின் இடது மூலையிலிருந்த கன்ட்ரோல் கீயைச் சுண்டுவிரலால் அமுக்கினார்.

கையிலிருந்த துப்பாக்கி 'டங்'கென்று காலடியில் விழுந்தது.

மூலை திரும்பி வந்த எதிரணிக்காரன், வெறுங்கையோடு நிற்கும் ஆளைக் கண்டு ஒரு விநாடி சுடாமல் நின்றான். அவனுக்கே சந்தேகம். பிறகு சுட்டான்.

"மாஸ்டர்," என்றது மெக்கானிக்கின் குரல், "சரண்டர் ஆயிட்டீங்களா?"

மாஸ்டர் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தார். "என் ஃபைல தொட்டியா?"

"புகையையும் துப்பாக்கி கீழ போடுறதையும் இடம் மாத்தினேன். புகை இப்ப மவுஸ்ல, கட்டைவிரல் பட்டன்ல இருக்கு. சொல்ல மறந்துட்டேங்க."

"மறந்துட்டியா! நான் உன் கடைக்கு வந்து அந்த எழுத்துப் போர்டத் தலைகீழா மாட்டிட்டு, சொல்ல மறந்துட்டேன்னா சும்மா இருப்பியா?"

"நீங்க தூங்கிட்டிருந்தீங்க. கேட்டா வேணாம்பீங்க."

"வேணாம்னா வேணாம்தான்!"

அவள் துணி உலர்த்த பால்கனிக்குப் போய்விட்டாள். ஹெட்ஃபோனிலிருந்து தம்பி கொசுவைப் போல "மாமா... மாமா..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மாஸ்டர் அதை அணைத்தார்.

பழையபடி மாற்றிவிடலாம் என்றுதான் தன் ஃபைலைத் திறந்தார். வாழ்க்கையிலேயே முதல் தடவை. உள்ளே எண்களாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தார். அங்கங்கே தமிழில் வரிகள் இருந்தன. முன்னால் இரண்டு சாய்கோடு போட்டு எழுதினால் கணினி அந்த வரியைத் தாண்டிப் போய்விடும் என்று ஒருமுறை அவள் சொல்லியிருக்கிறாள். எழுதுகிறவருக்கு மட்டுமான குறிப்பு.

வெளிச்சம் கூட்டும் வரிக்கு மேலே: 'அடுப்பு முன்னாடி நின்னுட்டு வந்து உக்காருறார். முதல் அரை மணி நேரம் கண்ணைச் சுருக்குறார்.'

மவுஸ் வேகத்துக்கு மேலே: 'ரொம்ப வேகம். குறிய தாண்டிப் போயிடுறார். குறைச்சா கோவம் வரும். மாசம் ஒரு பாயிண்டா குறைக்கணும். தெரியக்கூடாது.' கீழே தேதிகள். எட்டு மாதம், எட்டுத் தேதி.

மாஸ்டர் தேதிகளை விரல்விட்டு எண்ணினார். இந்த எட்டு மாதமாகத் தன் குறி கூர்மையாகிவிட்டது என்று பேக்கரியில் மாவு பிசைகிறவர்வரை எல்லோரிடமும் அளந்துவிட்டிருந்தார்.

புகைக்குண்டு வரிக்கு மேலே: 'சுண்டுவிரல், பழைய தீக்காயம். பத்தாவது ரவுண்டுக்கு மேல மடங்கல. மேசைக்கு அடியில வச்சுத் தேய்க்கிறார். கேட்டா ஒண்ணுமில்லம்பார்.'

அவர் தன் இடது கையைப் பார்த்தார். ஒருவர் தன்னை இவ்வளவு உன்னிப்பாகக் கவனித்திருக்கிறார் என்பதற்குச் சந்தோஷப்படுவதா, வீட்டுக்குள்ளேயே வேவு பார்த்திருக்கிறாள் என்று கத்துவதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. பால்கனிக்குப் போனார். அவள் அவருடைய வேலைச் சட்டையை உதறிக்கொண்டிருந்தாள்.

"எட்டு மாசமா என் வேகத்தக் குறைச்சிட்டு வந்திருக்க."

"ஆமா."

"நான் பிராக்டிஸ் பண்ணி முன்னேறிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறேன்."

"பிராக்டிஸும் பண்ணீங்க" என்றாள், சட்டைக்குக் கிளிப் மாட்டியபடி.

"விரல் வலிக்குதுன்னு தெரிஞ்சா நேரா வந்து கேக்க வேண்டியதுதான? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவள் கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு அவரையே பார்த்தாள். அவரும் சற்று நேரம் பார்த்துவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சொல்லியிருக்கமாட்டார் என்பது இருவருக்கும் தெரியும்.

"சரி, அது கிடக்கட்டும். இனிமே என் ஃபைல் என்னுது. கேக்காம தொடக்கூடாது."

"தொடல. கேட்டுட்டுத் தொடுறேன்."

இந்த ஒப்பந்தத்தால் மாஸ்டர் பட்ட பாடு, ஒப்பந்தம் இல்லாதபோது பட்டதைவிட மோசம். அந்த வாரம் முழுக்க அவள் கேட்டாள். பல் தேய்க்கும்போது கேட்டாள், செருப்பு மாட்டும்போது கேட்டாள். பேக்கரிக்கே போன் போட்டு, "அடுப்புக் கிட்ட இருக்கீங்களா? ஒண்ணு கேக்கலாமா?" என்றாள்.

"குறிப்புள்ளிய ரோஸ் ஆக்கட்டுமா?"

"வேணாம்."

"ஏன்?"

"பச்சை எனக்குப் பிடிச்சிருக்கு."

"பிடிச்சிருக்கா, தெளிவா இருக்கா?"

மாஸ்டர் போனை மாவு மூட்டைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் அவளிடம் சொல்லாத ஒன்றும் நடந்தது. அவள் கடையில் இருந்த ஒரு மத்தியானம், மவுஸ் வேகத்தை எட்டு மாதத்துக்கு முந்திய எண்ணுக்கே மாற்றித் தனியாக ஆடிப் பார்த்தார். பத்து நிமிடம் குறியைத் தாண்டிச் சுவரையே சுட்டார். பிறகு வாயை மூடிக்கொண்டு அவள் வைத்திருந்த எண்ணையே திரும்பப் போட்டார். புகையும் கட்டைவிரலிலேயே இருந்தது. துப்பாக்கியைக் கீழே போடும் வரியை மட்டும் அடியோடு அழித்துவிட்டார். தன் துப்பாக்கி இனி யாருக்கும் கிடையாது.

அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தில் ஜெயித்து, பட்டியலில் கடைசிக்கு முந்திய இடத்தில் தொங்கிக்கொண்டு லீக்கில் பிழைத்தார்கள். தம்பி கத்திய கத்தலில் ஹெட்ஃபோன் அதிர்ந்தது. மெக்கானிக், இந்த வருடமாவது நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்றான். அதெல்லாம் பிறகு.

அதற்கு ஒரு நிமிடம் முன்னால் ஆட்டம் மறுபடியும் மாஸ்டர் ஒருவரிடமே வந்து நின்றிருந்தது. ஆட்டத்தில் செத்துப்போனவளுக்கு வேலையில்லை. நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அவருடைய திரையையே பார்த்தாள். அவர் கட்டைவிரலால் புகையை வீசினார். நடைபாதை வெளுத்தது. அந்த வெண்மையில் அவருடைய பச்சைப் புள்ளி கரைந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போயிற்று. அவர் கண்ணைச் சுருக்கித் திரைக்கு நெருங்கினார்.

அவள் வலது கை தானாகவே எழுந்தது. இரண்டு மேசைக்கும் நடுவிலிருந்த இடைவெளியைத் தாண்டி, அவருடைய கீபோர்டின் ஓரம்வரை போயிற்று. அங்கே அந்தரத்தில் நின்றது. அவள் அதைப் பின்னுக்கு இழுத்து, நாற்காலியில் உள்ளங்கை படிய வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.