வெளிப்பெட்டிக்குத் தலைவாரும் மனிதர்

சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, ஒருமுறை ஊதிவிட்டு, ஏசியின் வெளிப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து மேலிருந்து கீழே ஓர் இழுப்பு இழுக்கிறார். நிறுத்தி, கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். மறுபடி ஓர் இழுப்பு. அந்தப் பெட்டியின் முதுகில் காகிதத்தைப் போன்ற மெல்லிய அலுமினியத் தகடுகள் நூற்றுக்கணக்கில் நெருக்கமாக நிற்கும். வாளி இடித்தோ பந்து பட்டோ அவை மடங்கிவிட்டால் காற்றுக்கு வழி அடைத்துவிடும். மடங்கியதை நிமிர்த்துவதற்குத்தான் அந்தச் சீப்பு. மற்றபடி, அவர் தலையில் வாருவதற்கென்று ஒரு முடிகூடக் கிடையாது.

எங்கள் குடியிருப்பில் அவருக்குச் சீப்பு அண்ணன் என்று பெயர். முதலில் அவர் காதில் விழாமல் சொல்லிக்கொண்டிருந்தோம். பிறகு நேரிலேயே கூப்பிட ஆரம்பித்தோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்குத்தான் கொடுத்து வைக்கல, மெஷினாவது வாரிக்கட்டும்" என்று வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. உடம்பில் எல்லாம் அவர் சொன்னபடி கேட்கும், வலது முழங்காலைத் தவிர. இருபது வருடமாக ஏணியிலும் மாடிப்படியிலும் ஏறி இறங்கிய கால் அது. உட்கார்ந்தவர் எழுந்திருக்க வேண்டுமானால் சுவரைப் பிடித்து, ஒரு பெருமூச்சு விட்டு, முகத்தைச் சுளித்து, அப்புறம்தான் எழுந்திருப்பார். ஏன் அண்ணா, டாக்டரைப் பார்த்தீர்களா என்று கேட்டால், பார்த்ததாகவும், படி ஏறாதீர்கள் என்று டாக்டர் சொன்னதாகவும், அந்த டாக்டரின் அறையே இரண்டாவது மாடியில் இருப்பதாகவும் சொல்வார்.

தோளில் ஒரு தடித்த துணிப்பை. அதற்குள் மெல்லிய நார் பிரஷ் ஒன்று, ஓய்வுபெற்ற பல் துலக்கும் பிரஷ்கள் மூன்று, செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் கைப்பம்பு, மின்சாரப் பகுதியை மூடிக் கட்ட ஒரு பிளாஸ்டிக் தாள், திருப்புளி, மின்சாரம் இருந்தால் விளக்கு எரிந்து காட்டும் டெஸ்டர், கழற்றும் திருகுகளைப் போட்டு வைக்க ஒரு டப்பா மூடி. அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் அரை மணியில் முடித்துவிட்டுப் போகும் வேலையை அவர் இரண்டு மணி நேரம் செய்வார்.

முதல் பத்து நிமிடம் பெட்டியைத் தொடவே மாட்டார். சுவிட்சை அணைத்துவிட்டுக் காத்திருப்பார். அணைத்த பிறகும் பெட்டிக்குள் கொஞ்சம் மின்சாரம் தங்கியிருக்குமாம், அது அடங்க வேண்டுமாம். அந்த நேரத்தில் பெட்டியைச் சுற்றி நாம் அடைத்து வைத்திருக்கும் காலி அட்டைப்பெட்டி, உடைந்த பூந்தொட்டி, துடைப்பம் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துவார். ஒருமுறை நான் ஈர மிதியடியை வெளிப்பெட்டியின் மேல் காயப் போட்டிருந்தேன். அதை இரண்டு விரலால் தூக்கி என்னிடம் கொடுத்து, "இதை உங்க மூஞ்சியில போத்தினா உங்களால மூச்சு விட முடியுமாம்மா?" என்று கேட்டார். மிதியடியை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

பத்து நிமிடம் ஆனதும் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டெஸ்டரை வைத்துப் பார்ப்பார். தானே அணைத்த சுவிட்சுதானே, அதில் என்ன சந்தேகம் என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன். "அணைச்சது என் கைதாம்மா. அதனாலதான் சந்தேகம்" என்றார். அப்புறம் உலர்ந்த பிரஷால் தூசியைத் தள்ளுவார். உள்ளிருந்து வெளியே போகும்படி தண்ணீரை மெதுவாகத் தெளிப்பார். காய விடுவார். சீப்பை எடுப்பார். அதற்குள் நான் ஒரு அத்தியாயத்துக்குப் பிழை திருத்தி முடித்திருப்பேன். வீட்டிலிருந்தே புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. ஆமை வேகம் என்று அவரைத் திட்டிக்கொண்டே இரண்டு கோடையைக் கழித்தேன். இத்தனைக்கும் அந்த இரண்டு கோடையிலும் என் ஏசி ஒருநாள்கூட மக்கர் செய்யவில்லை.

அவருடைய மனைவியின் அண்ணனுக்கும் இதே தொழில். இருவரும் ஒரே பைக்கில், ஒரே ஏணியோடு தொழிலை ஆரம்பித்தவர்கள். பிறகு மைத்துனர் தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் பிரஷர் பம்பு ஒன்றை வாங்கினார். சீப்பு அண்ணனுக்கு அந்த இயந்திரத்தைக் கண்டாலே ஆகாது. "தண்ணி ஊத்தணும்மா, அடிக்கக் கூடாது. தூசி நமக்கு என்ன பங்காளியா?" என்பார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தையல் கடையில் மைத்துனர் பம்பை வைத்து அடித்ததில் தகடுகள் எல்லாம் படுத்துவிட்டன. நிமிர்த்தப் போன இவர், கடைக்காரர் முன்னாலேயே, "இது கழுவினது இல்ல, அடிச்சது" என்று சொல்லிவிட்டார். மைத்துனர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

அன்றோடு பேச்சு நின்றது. விசேஷ வீடுகளில் ஒருவர் வந்தால் மற்றவர் செருப்பைத் தேடுவார். நடுவில் சீப்பு அண்ணனின் மனைவிதான் தபால்காரர். தன் அண்ணன் சொன்னதைப் புருஷனிடமும், புருஷன் சொன்னதை அண்ணனிடமும் காரத்தைக் குறைத்துக் கொண்டுசேர்ப்பது அவர் பொறுப்பு. சொன்னதற்கு வருத்தப்படுகிறீர்களா என்று சீப்பு அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். வெகுநேரம் சீப்பின் பல்லைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, "சொன்னது சரிதான். சொன்ன இடம்தான் தப்பு" என்றார்.

இந்த நிலையில்தான் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஒரு அறிவிப்புச் செய்தார். நாற்பது வீடுகளின் வெளிப்பெட்டிகளையும் வருடம் முழுவதும் ஒரே ஆளிடம் ஒப்படைக்கப் போகிறோம் என்றார். போட்டிக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சீப்பு அண்ணன், மற்றவர் அவருடைய மைத்துனர். ஆளுக்கு ஒரு நாள், ஆளுக்கு நான்கு வீடு. வேலையையும் பார்ப்போம், நேரத்தையும் பார்ப்போம் என்று செயலாளர் சொன்னார்.

"லிப்ட் இருக்கிற வேலைம்மா" என்றார் சீப்பு அண்ணன். அப்படியொரு ஆசையை அவர் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இந்த வேலை கிடைத்தால் ஏணி வேண்டாம், படி வேண்டாம், முழங்கால் இன்னும் பத்து வருடம் ஓடும். கிடைக்காவிட்டால் இந்த வருடத்தோடு தொழிலை விட வேண்டியதுதான் என்று அவர் மனைவி சொல்லிவிட்டாராம்.

வியாழக்கிழமை அவர் முறை. முதல் வீடு வழக்கம்போல் இரண்டு மணி நேரம். இரண்டாவது என் வீடு. கூடத்துச் சுவிட்சை அணைத்தார். உள்ளே இருந்த ஏசி நின்றது, வெளியே விசிறியும் நின்றது. பத்து நிமிடம் நின்றார். மூடியைக் கழற்றி டெஸ்டரை வைத்தார். அது எரிந்தது.

என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே இருப்பது செத்துவிட்டது, வெளியே இருப்பது உயிரோடு இருக்கிறது என்றார். வாசல் கதவுக்குப் பக்கத்தில், கையை உயர்த்தினால் எட்டும் இடத்தில் இருக்கும் மின்பெட்டியில் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் பால்கனிக்கு நொண்டி நடந்தார். டெஸ்டர் எரிந்துகொண்டே இருந்தது. போன மாதம் வீட்டில் வயரிங்கை மாற்றியவர் எங்கேயோ நேராக இழுத்திருக்கிறார், மெயினை அணைத்தால்தான் அடங்கும் என்றார்.

நான் வேண்டாம் என்றேன். அன்று சாயங்காலத்துக்குள் ஒரு புத்தகத்தை அனுப்பியாக வேண்டும். மின்சாரம் போனால் இணையமும் போய்விடும். இரண்டு மணி நேரம் பொறுத்திருந்தால் உலகம் முழுகிப் போயிருக்காது. ஆனால் எனக்கு என் வேலைதான் பெரிதாக இருந்தது. அவர் கெஞ்சவில்லை. தன் பிழைப்பே இந்தக் காலை நேரத்தில் தொங்குகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "அப்ப நான் இதுல கை வைக்க மாட்டேம்மா" என்று சொல்லி, மூடியை வைத்து, திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கினார். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றார்.

போகும்போது ஒன்று மட்டும் சொன்னார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தக் கம்பியைச் சரிசெய்யுங்கள், இன்றைக்கே கூப்பிடுங்கள். சரி என்றேன். கூப்பிடவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு வாரத்தைத் தின்றேன்.

மறுநாள் மைத்துனர் வந்து, தனக்குக் கொடுத்த நான்கு வீட்டையும் மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு, செயலாளரோடு உட்கார்ந்து டீயும் குடித்தார். ஒப்பந்தம் அவருக்குப் போனது. எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் அது பொய். இறங்கியது. ஆனால் சாப்பிடும்போதெல்லாம் பால்கனிப் பக்கம் பார்க்காமல் சாப்பிட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை காலை எட்டரைக்கு மணி அடித்தது. சீப்பு அண்ணன். தோளில் பை. எலக்ட்ரீஷியன் வந்தாரா என்று கேட்டார். நான் தலையைக் குனிந்தேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இன்றைக்கு மச்சான் இந்த மாடியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார் என்று மட்டும் சொன்னார். விஷயத்தை மனைவி மூலம் சொல்லியனுப்பியிருக்கிறார். "தோத்த கடுப்புல பேசுறாரு உன் புருஷன்" என்று பதில் வந்திருக்கிறது. அதனால் நேரிலேயே வந்துவிட்டார்.

மைத்துனர் ஒன்பதுக்கு வந்தார். பெரிய உடம்பு, பளிச்சென்ற சட்டை, கையில் பிரஷர் பம்பு. கூடத்தில் நின்றவரைப் பார்த்ததும் பம்பைத் தரையில் வைத்தார். இருவரும் என்னையே பார்த்தார்கள்.

மெயினை அணைக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லச் சொன்னார் இவர். தனக்கும் இருபது வருட அனுபவம் இருக்கிறது என்று இவரிடம் சொல்லச் சொன்னார் அவர். நான்கடி தூரத்தில் நிற்கும் இரண்டு பேருக்கு நடுவே நான் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் மைத்துனர் கூடத்துச் சுவிட்சைப் படக்கென்று அணைத்தார். ஏசி நின்றது. "செத்துப் போச்சுன்னு சொல்லுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, திருப்புளியோடு பால்கனிக்கு நடந்தார்.

"மச்சான்."

சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த வார்த்தை காதில் விழுந்ததில் அந்தப் பெரிய உடம்பு நின்றுவிட்டது.

"என் மேல இருக்கிற கோவத்தை அப்படியே வச்சுக்கங்க. டெஸ்டரை மட்டும் ஒரு தடவ வச்சுப் பாத்துருங்க."

மைத்துனர் பால்கனிக்குப் போனார். மூடியைக் கழற்றி டெஸ்டரை வைத்தார். எரிந்தது. அவர் டெஸ்டரை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார். மறுபடியும் எரிந்தது. எழுந்து, காலையில் நான் கழுவிவிட்ட பால்கனித் தரையில் நனைந்திருக்கும் தன் செருப்பையும், கூடத்தில் கிடந்த பம்பையும் பார்த்தார்.

நான் கணினியை மூடினேன். மெயினை அணைத்துவிடுங்கள் அண்ணா, சாயங்காலம் வரை அணைத்தே இருக்கட்டும் என்றேன். ஒரு வாரம் தாமதமாகத்தான் சொன்னேன்.

மெயின் இறங்கியது. விசிறி நின்று, குளிர்சாதனப் பெட்டியின் முனகல் நின்று, வீடே அமைதியானது. பத்து நிமிடம் கழித்து மைத்துனர் பழக்கதோஷத்தில் பம்பின் பிளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரெல்லாம் தேடினார். மின்சாரம் இல்லாத வீட்டில் பம்பு எப்படி ஓடும்? பிளக்கைக் கீழே போட்டுவிட்டு, பால்கனியில் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

"மாப்ள, அந்த பிரஷ் வச்சிருக்கீங்களா?"

"பையில முன்னாலயே இருக்கு மச்சான்" என்றார் இவர், மின்பெட்டிக்கு எதிரில் நின்றபடியே. பையை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

திரும்பி வந்தபோது சீப்பு அண்ணன் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். வலது கையை உயர்த்தி, அணைத்த மெயின் சுவிட்சை உள்ளங்கையால் முழுக்க மூடியிருந்தார். மின்சாரம் போய்விட்டதே என்று நினைத்து யாராவது வந்து தட்டிவிடுவார்களோ என்ற பயம். அந்த வீட்டில் அப்படித் தட்டக்கூடிய ஆள் நான் ஒருத்திதான் என்பது அவருக்குத் தெரியும்.

பால்கனியில் பிரஷ் தேய்க்கும் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. அவருடைய வலது முழங்கால் வேட்டிக்குள் நடுங்குவது எனக்கே தெரிந்தது. நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டேன்.

நாற்காலியைப் பார்த்தார். மேலே சுவிட்சைப் பார்த்தார்.

"உக்காந்தா எட்டாதும்மா" என்று சொல்லிவிட்டு, பாரத்தை இடது காலுக்கு மாற்றி, தோளைச் சுவரில் சாய்த்து, கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.