ஒன்பது நாள் மாத்திரை எடுக்காமல் இருந்தேன்

இதைச் சபையில் எழுந்து நின்று சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். பெயர் போட வேண்டாம்.

எங்கள் சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். கல்யாணமானதும் திருப்பூர் வந்தோம். என் கணவர் கட்டிங் மாஸ்டர். நான் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங், தைத்த துணியில் ஓட்டை, கறை பார்க்கும் வேலை. நான்கு வருடம் பிள்ளை இல்லை. உபவாசம் இருந்து கேட்டு வாங்கிய கர்ப்பம் அது.

மூன்றாம் மாதம் அரசு மருத்துவமனையில் இரத்தம் எடுத்தார்கள். மறுபடியும் கூப்பிட்டு எடுத்தார்கள். பிறகு அங்கிருந்த ஆலோசகர் அம்மா கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“கண்ணு, உங்க ரத்தத்துல எச்.ஐ.வி. இருக்குதுங்க.”

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் அதிர்ச்சியடையவில்லை. “உங்களுக்கு முன்னமே தெரியுமா?” என்று கேட்டேன்.

“எனக்குப் போன வருசமே தெரியும். சொன்னா என்னைய விட்டுட்டுப் போயிருவியோன்னு பயந்துட்டேன்” என்றார்.

அன்றிலிருந்து அவரோடு பேசவில்லை. வேலையில் பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். கண்ணீரில் ஓட்டை எது, கறை எது என்று தெரியாது. கருவைக் கலைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வராது. “ஆண்டவரே, எனக்கு இருக்கட்டும். பிள்ளைக்கு வேண்டாம்.” இவ்வளவுதான் என் ஜெபம்.

தினமும் போடச் சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஒரு மாதம் போலப் போட்டேன். என் அழுகையைப் பார்த்து விசாரித்த பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒருநாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “மாத்திரையும் போட்டு ஜெபமும் பண்ணுனா, அது என்ன விசுவாசம்? நிறுத்திட்டு ஆண்டவரையே நம்பு” என்றார். நான் நிறுத்தினேன். முழங்காலில் நின்று, ஒரு அடையாளம் காட்டும் என்று கெஞ்சினேன். இப்படி ஒன்பது நாள்.

பத்தாம் நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. ஆலோசகர் அம்மா.

“ஏனுங்க கண்ணு, மாத்திரை வாங்க வரலீங்களே? ஒடம்பு ஏதாச்சும் சரியில்லீங்களா?”

கம்பெனி அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் நின்று உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை.

“நான் இந்த வேலைக்கு வந்த புதுசுல, அம்மாகிட்டருந்து குழந்தைக்கு வர்றதை நெறையப் பார்த்து அழுதிருக்கேனுங்க. இப்ப அப்படி இல்லீங்க. கர்ப்பத்துலயே கண்டுபுடிச்சு, மாத்திரையை உடாம எடுத்தா, குழந்தைக்கு வர்றது ரொம்பவே கொறஞ்சு போச்சுங்க. நானும் சாமி கும்புடறவதான். சாமி குடுத்த மருந்தை ஏனுங்க தள்ளறீங்க?”

நான் கேட்ட அடையாளம் அந்தப் போன்தான். அன்றே அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். மறுபடி மாத்திரை ஆரம்பித்தேன்.

ஆனால் அந்த ஒன்பது நாள் என்னை விடவில்லை. பிள்ளை வயிற்றில் உதைக்கும்போதெல்லாம், நானே கெடுத்துவிட்டேனோ என்று துடித்தேன். பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குக் கொடுத்த மருந்தை என் கணவர்தான் அளந்து தினமும் வாயில் விட்டார். ஒன்றரை மாதத்தில் குதிகாலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். கிருமி இல்லை என்று வந்தது. ஆனாலும் ஒன்றரை வயதில் எடுக்கும் பரிசோதனைதான் கடைசி என்றார்கள். அதுவரை அவளுக்குக் காய்ச்சல் வந்த ஒவ்வொரு முறையும் நான் செத்துப் பிழைத்தேன்.

அந்தக் கடைசி முடிவு வந்த நாளில் என் கணவருக்கு உள்ளே வரப் பயம். வாசலிலேயே நின்றார். ஆலோசகர் அம்மா காகிதத்தோடு வந்தார்.

“நெகட்டிவ்ங்க கண்ணு. உங்க புள்ளைக்கு ஒண்ணுமில்லீங்க.”

அப்படியே தரையில் விழுந்து அழுதேன். மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆண்டவருக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் போதாது. என் நோய் போகவில்லை. நானும் என் கணவரும் இன்றும் தினமும் ஜெபித்துவிட்டு மாத்திரை போடுகிறோம். இப்போது அவரோடு பேசுகிறேன். முழுதாக மன்னிக்க மட்டும் இன்னும் முடியவில்லை. அதற்காக ஜெபியுங்கள்.

கர்ப்பமாயிருக்கும் சகோதரிகளே, ஆண்டவரை நம்புங்கள், இரத்தப் பரிசோதனைக்கும் போங்கள். என்னைப் போல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் போதகரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவர் எனக்குச் சொல்லுவார். நான் வந்து உங்கள் பக்கத்தில் உட்காருகிறேன்.