புளி போட்டுத் தேய்த்த ரீல் டப்பாக்கள்

பக்கத்து வீட்டுப் பெண் போன வாரம் துணி துவைக்கிற மெஷினில் வினிகர் ஊற்றிக் கழுவினாள். அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் என் கை தானாக முந்தானையைப் பிடித்துக்கொண்டது. "இன்னா ஆயா, மயக்கமா?" என்றாள். மயக்கமில்லை. பயம். பழைய பயம்.

பழைய சினிமா பிலிம் டப்பாவைத் திறந்தால் இதே வாடைதான் வரும். தி.நகரில் ஒரு சந்துக்குள் சின்னக் கொட்டகை ஒன்று இருந்தது. கோடம்பாக்கத்துக்காரர்கள் எடுத்த படத்தைத் தங்களுக்குள் போட்டுப் பார்க்கிற இடம். சில சமயம் படம் பார்க்கிறதுக்கென்றே சங்கம் வைத்திருந்தவர்கள் வாடகைக்கு எடுத்து வெளிநாட்டுப் படம் போடுவார்கள். அது தொண்ணூறுகளின் நடுவில். நான் அங்கே கூட்டிப் பெருக்கி, காபி கலந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். கோட்டூர்புரம் ஆற்றோரக் குடிசையிலிருந்து பாலம் தாண்டி நடந்தே வருவேன். படிப்பு அஞ்சாவது வரைக்கும். யாராவது நிமிர்ந்து பார்த்தாலே வாய் ஒட்டிக்கொள்ளும். நாலு வருஷத்தில் மேனேஜர் சாரிடம் நான் பேசியது "காபி சார்" மட்டும்தான். அதிலும் பாதி நாள் "சார்" தொண்டையிலேயே நின்றுவிடும்.

படம் ஓட்டுகிறவர் ஏகாம்பரம் அண்ணன். மெஷின் ரூமில் ரெண்டு மெஷின். ஒரு ரீல் முடியப்போகும்போது திரையின் மூலையில் சின்னதாக ஒரு புள்ளி வரும். அதைப் பார்த்து அடுத்த மெஷினைத் தட்டிவிட வேண்டும். அண்ணன் இருபது வருஷமாக அந்த மூலையை மட்டுமே பார்த்திருந்தார். கதை கேட்டால், "நமக்கு இன்னாத்துக்குமா கதை? புள்ளி வந்துச்சா, அவ்ளோதான்" என்பார். சுவரில் உபயோகமில்லாத ஓட்டை ஒன்று இருந்தது. ஸ்டூல் போட்டு அதில் என்னைப் படம் பார்க்க விடுவார். நல்ல மனுஷர். நான் சொல்ல வருகிற சம்பவத்துக்கு முந்தின மாசம்தான் ஒரு பிலிம் அறுந்துபோய், "இன்னொரு தபா ஏதாவது ஆச்சு, வேற எடம் பாத்துக்கோ" என்று மேனேஜர் சார் அவரிடம் சொல்லியிருந்தார். அண்ணனுக்கு மூணு பெண் பிள்ளைகள்.

அன்றைக்குச் சனிக்கிழமை. சங்கத்துக்காரர்கள் போட்டது குதிரையும் துப்பாக்கியும் வருகிற பழைய இங்கிலீஷ் படம். அந்த மாதிரிப் படமென்றால் தொப்பி போட்ட ஒரு ஆம்பிளை வருவான், சுடுவான், போவான். இதில் ஆம்பிளைகள் ஓரமாக நின்றார்கள். பொட்டல் காட்டில் ஒரு கிணறு. அதைக் காப்பாற்ற மூணு பெண்கள்: நரைத்த தலையோடு கால்சட்டை போட்ட ஒரு அம்மா, அவள் மருமகள், ஒரு சமையல்காரி. கிணற்றைப் பிடுங்க வருகிற கூட்டத்துக்கும் தலைவி ஒரு பெண்தான். பாஷை ஒரு எழுத்துப் புரியவில்லை, கதை முழுக்கப் புரிந்தது. தண்ணிக்குச் சண்டையை லாரி வரிசையில் நான் பார்க்காததா!

ஒன்று மட்டும் புதுசு. அந்த அம்மா துப்பாக்கியைத் தூக்கும்போது அவள் கை நடுங்கியது. சினிமாவில் சுடுகிறவர்களுக்குக் கை நடுங்கி நான் கண்டதில்லை. நடுங்கிக்கொண்டேதான் நின்றாள். கடைசி ரீல் மாட்டும்போது கீழே காபிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மறுநாளும் அதே படம்தானே என்று இறங்கிப் போனேன்.

மறுநாள் ஆயுத பூஜை. அண்ணன் பூ வாங்கப் போகும்போது, "எல்லாத்தையும் தொடச்சி வைம்மா" என்றார். எல்லாம் என்றால் எனக்கு எல்லாம்தான். ஏழு ரீல் டப்பாவும் துருப்பிடித்துக் கிடந்தன. பிலிம் சுருள்களைப் பேப்பர் விரித்து எடுத்து வைத்துவிட்டு, டப்பாக்களை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்த்தேன். வெயிலில் காயவைத்து, சுருள்களை உள்ளே போட்டு மூடி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். என்னை நானே மெச்சிக்கொண்டேன், கேளுங்கள்.

அண்ணன் பூவோடு வந்தார். டப்பாக்களைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போச்சு.

"நம்பரு எங்கம்மா?"

"எந்த நம்பருண்ணா?"

"மூடி மேல சாக்பீஸ்ல எழுதினு இருந்துச்சே!"

அழுக்கென்று நினைத்துத் தேய்த்திருந்தேன். பிலிம் தொடங்குகிற முனையிலும் நம்பர் இருக்குமாம். பழைய படம், அதெல்லாம் எப்போதோ பிய்ந்து போயிருந்தது. பேர் போடுகிற முதல் ரீலும் முடிகிற ரீலும் கிடைத்துவிட்டன. நடுவில் வருகிற அஞ்சுதான் தெரியவில்லை. மணி நாலு. அஞ்சு மணிக்குப் படம்.

"நேத்து ஓட்னீங்களேண்ணா?"

"நான் எங்கம்மா படத்த பாத்தேன்? புள்ளியத்தான் பாத்தேன்."

அண்ணன் பிலிமைப் பல்புக்கு நேரே பிடித்தார். நான் எட்டி எட்டிப் பார்த்துச் சொன்னேன். அந்த அம்மா பாவாடை கட்டியிருந்தால் ரெண்டாவது. கால்சட்டைக்கு மாறினால் மூணாவது. மருமகள் குதிரையில் தனியாகப் போனால் ஆறாவது. மிச்சம் ரெண்டிலும் அந்த அம்மா கையில் கட்டுப் போட்டிருந்தாள். ஒன்றில் கட்டு வெள்ளை, ஒன்றில் அழுக்கு. புதுக் கட்டுத்தானே முதலில் வெள்ளையாக இருக்கும்? வெள்ளையை முன்னால் வைக்கச் சொன்னேன்.

அஞ்சு மணிக்குப் படம் ஓட ஆரம்பித்தது. நாலாவது ரீலில் சமையல்காரி குண்டடிபட்டுச் செத்தாள். குழி தோண்டிப் புதைத்தார்கள். புள்ளி வந்தது, அண்ணன் தட்டினார். அஞ்சாவது ரீலில் அதே சமையல்காரி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, நடுவில் அந்த அம்மா பழைய கட்டை அவிழ்த்துப் புதுசு கட்டினாளே என்று. கீழே யாரோ சிரித்தார்கள். இரும்புப் படியில் பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது. ஒவ்வொரு படியும் என் நெஞ்சில் விழுந்தது.

"ஏகாம்பரம்! செத்தவ ரொட்டி சுடறா, இன்னாய்யா இது?" மேனேஜர் சார். அவர் பின்னாலேயே மயிலாப்பூரிலிருந்து வருகிற சங்கத்துச் செகரட்டரி மாமி.

"என் தப்புதான் சார். மாத்தி மாட்டிட்டேன்" என்றார் அண்ணன். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"போன மாசமே சொன்னேன்ல? நாளையிலேர்ந்து நீ…"

எனக்கு ஓடிப்போய் எங்கேயாவது ஒளிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. கையிலிருந்த குங்குமக் கிண்ணம் கடகடவென்று ஆடியது. ஆடிக்கொண்டேதான் சொன்னேன். "தேச்சது நான் சார். நம்பர… நான்தான்."

மேனேஜர் சார் அண்ணனைப் பார்த்து, "இந்தம்மா பேசுமா?" என்றார்.

மாமி டப்பாக்களைக் குனிந்து பார்த்தாள். "எங்காத்துல கிரைண்டருக்குக்கூட இவ்வளவு அழகா பொட்டு வச்சதில்ல. விடுங்கோ சார், நாளும் கிழமையுமா ஒருத்தர் பொழப்புல கை வைக்காதீங்கோ."

மேனேஜர் சார் என் பக்கம் திரும்பினார். "ஏகாம்பரம் இருக்கட்டும். ஆனா நீ, இனிமே இந்தப் படி ஏறக்கூடாது. இப்பவே எறங்கு."

இறங்கினேன். கீழே காபி டம்ளர் கழுவிக்கொண்டிருக்கும்போது கடைசி ரீல் ஓடியது. சுவருக்கு அந்தப் பக்கம் குதிரைக் குளம்புச் சத்தம், அப்புறம் நிசப்தம், அப்புறம் ஒரே ஒரு வெடிச்சத்தம். டம்ளர் கைநழுவியது.

படம் விட்டதும் அண்ணனைக் கேட்டேன். "கடைசில இன்னாண்ணா ஆச்சு?"

"யாருக்கு?"

"கிணத்துக்கார அம்மாவுக்கு."

நிஜமாகவே யோசித்துப் பார்த்தார், பாவம். "கடைசி ரீலுக்குப் புள்ளி கெடையாதேம்மா" என்றார்.

மறுநாள் காலையிலேயே டப்பாக்கள் போய்விட்டன, பொட்டோடு. அந்தப் படத்தின் பேர்கூட எனக்குத் தெரியாது, கேட்க வாய் வந்ததில்லை. ஏகாம்பரம் அண்ணன் போய்ச் சேர்ந்தார். எங்கள் குடிசைகளைப் பிரித்து ஊருக்கு வெளியே மாடி வீட்டில் கொண்டுவந்து போட்டார்கள். கொட்டகை இருந்த இடத்தில் ஆறு மாடிக்குப் புடவைக் கடை. கீழே கார் நிறுத்துகிறார்கள். மெஷின் ரூமுக்குப் போகிற இரும்புப் படி எந்த இடத்தில் இருந்தது என்று ஒருதரம் நின்று பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த வெடிச்சத்தம் மட்டும் காதில் இருக்கிறது. சுட்டது அவளா, சுடப்பட்டது அவளா, இன்னும் எனக்குத் தெரியாது.