இடது பக்கம் போனவர்கள்

சுக்குப்பொடி டப்பாவைத் திறந்தாலே வாயைப் பொத்திக்கொள்கிறேன், இந்த ஐம்பத்திரண்டு வயதிலும். கொச்சி மட்டாஞ்சேரியில் இப்போது ஹோம்ஸ்டே ஆகிவிட்ட எங்கள் நாடகக் கொட்டகையில், மேடையின் இடது தட்டிக்குப் பின்னால் வாசல் கிடையாது, சுக்குக் கிடங்கின் ஓட்டைச் சுவர்தான்; அந்தப் பக்கம் நுழைந்தவர் திரை விழும்வரை சுக்குத் தூசியைச் சுவாசித்தபடி நிற்க வேண்டும். சின்ன வயதில் ஒருநாள், தூதுவனாக ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு, பதற்றத்தில் அங்கே நுழைந்தேன். பின்னாலேயே செத்த ராஜாவைத் தூக்கிவந்து போட்டுவிட்டு, காவலர்கள் மேடைக்கே திரும்பிவிட்டார்கள். வருஷக்கணக்காகக் கோமாளி வேஷம் கட்டி, அன்றுதான் ராஜாவான என் சாயாக்கடைச் சித்தப்பா.

“தும்மினே, கொன்னுடுவேன்டா” என்றது பிணம்.

மேடையில் ராணி மாரடித்து அழுதபோது தும்மிவிட்டேன்.

“ராஜா சாகலடோய்!” என்று யாரோ கத்த, கொட்டகையே சிரித்தது.

திரை விழ இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. எனக்கும் சித்தப்பாவுக்கும் நடுவே ஒரு முழ இடம்தான்.