ஏழு கையெழுத்து

எண்பதுகளில், ஜார்ஜ் டவுனில் ஊர்ச் சங்கங்களுக்குச் சிறு மானியம் வழங்கும் அலுவலகத்தில் நான் குமாஸ்தா. நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து, ஒரு சங்கச் செயலாளர் ஆண்டுதோறும் ஃபெரி ஏறி எங்கள் தீவுக்கு வருவார். ஒல்லியான மனிதர்; கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. பாலர் பள்ளிக்குத் தகரக் கூரை வேண்டும் என்பதே எப்போதும் அவர் விண்ணப்பம். பால்பாய்ண்ட் பேனாவில் போட்ட கையெழுத்தைக்கூட ஊதிக் காயவைத்துத்தான் தருவார்.

நான்காம் ஆண்டு மானியம் கிடைத்தது. கடிதம் போய்ச் சேர்ந்த வாரமே அதைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

“தோட்டத்த வித்துட்டாங்க தம்பி. சனமெல்லாம் புக்கிட் தெங்கா ஃபேக்டரிப் பக்கம் போயிருச்சு. பிள்ளைங்களே இல்ல, கூரை எதுக்கு லா? வேற சங்கத்துக்குக் குடுத்துருங்க.”

“சும்மா திருப்ப முடியாது அண்ணே. இந்தப் பாரத்துல செயலவை ஏழு பேரும் சைன் வைக்கணும்.”

“ஏழு பேருக்கு நான் எங்க போவேன்?”

நான் விதியைத் தொட்டுக் காட்டினேன். அந்த வயதில் எனக்கு அதுதான் வேதம்.

அவர் முதல் கோட்டில் கையெழுத்திட்டு, குனிந்து ஊதினார். பிறகு கீழே காலியாகக் கிடந்த ஆறு கோடுகளையும் ஒவ்வொன்றாக ஊதிவிட்டு, தாளை நீட்டினார். என்னைக் கேலி செய்தாரா, போனவர்களை நினைத்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

‘முழுமையற்றது’ என்று முத்திரை குத்தினேன். அந்த மை காயும்வரை அவர் நிற்கவில்லை.